பொருள் விவரம்

வூர்ட்ஸ்புர்க் சுங்க அலுவலகத்தில்
என் எண்ணைக் கூப்பிட்டபோது
மேசைமேல் பொட்டலம் ஏற்கெனவே அறுபட்டிருந்தது.
பழைய ஹார்லிக்ஸ் புட்டி. உள்ளே பச்சை மாவு.
மூடியைச் சுற்றித் தங்கை ஒட்டிய டேப்,
நாலு சுற்று.

இது என்ன?
முகம் கழுவ, என்றேன்.
அதிகாரி என் முகத்தைப் பார்த்தார்.
சாட்சி எனக்குச் சாதகமாக இல்லை.

கடவுச்சீட்டில் பெயர் மதியழகன்.
நிலாவிலேயே குழி இருக்குடா என்று
பத்தாம் வகுப்பில் ஒருவன் சொன்னான்.
ஆறுதலா கிண்டலா என்று
இருபத்தேழு வயதிலும் பிடிபடவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: சேர்மானங்கள்.
பச்சைப்பயறு எழுதினேன், அது அவருக்கே தெரிந்திருந்தது.
வேப்பிலை. அதற்கும் இங்கே ஒரு சொல் உண்டு,
தோட்டக்கடையில், பூச்சிமருந்து அடுக்கில்.
அதோடு பேனா நின்றது.
பூலாங்கிழங்கு.
கார்போகரிசி.
ஆவாரம்பூ.
திண்டுக்கல் நாட்டுமருந்துக் கடையில்
நூறு நூறு கிராமாகக் கேட்டு வாங்கும் பெயர்கள்.
ஜெர்மனில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.
ஒரு கிழங்கு, என்று எழுதினேன்.
ஒரு விதை.
ஒரு மஞ்சள் பூ.
குழந்தை வரைந்த படம்போல இருந்தது பட்டியல்.

அவர் கெட்டவர் இல்லை.
மூக்கோரம் அவருக்கும் சிவந்திருந்தது;
மேலே பூசிய நிறம் காலையிலேயே
திட்டுத்திட்டாக விட்டிருந்தது.
புட்டியை முகர்ந்தவர்
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முகர்ந்தார்.
பிறகு விதி எண் சொன்னார்.
திருப்பி அனுப்பவா, அழிக்கவா?
அழித்துவிடுங்கள் என்றேன்.
திரும்பிப் போனால் பொற்கொடி அழுவாள்,
அதைவிட, திட்டுவாள்.

வரும் வழியில் ஈராக்கியர் கடையில்
அரைக் கிலோ பச்சைப்பயறு.
ஓட்ஸ் அறையில் இருந்தது.
கமோமில் டீயும் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினும்
ஸ்வென்யாவுடையவை;
அவள் ஆஸ்பத்திரியில், இரவுப் பணி.
இரண்டு பங்கு பயறு, ஒரு பங்கு ஓட்ஸ்,
ஒரு டீப் பையைக் கிழித்துப் பூவையும் கொட்டி அரைத்தேன்.
சல்லடை இல்லை. டீ வடிகட்டியில் தட்டித் தட்டி
ஒரு கிண்ணம் சேர முக்கால் மணி நேரம்.
குழைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்,
இந்த ஊர்த் தண்ணீர் கெட்டிலுக்கு உள்ளே வெள்ளையடிக்கிறது.
கொதித்து ஆறி மேலாகத் தெளிந்ததில்
கமோமில் போட்டு, அந்த மஞ்சள் நீரில்.

போனில் பொற்கொடியின் குரல், பழைய பதிவு:
தேய்க்காதே. பரு என்ன பாத்திரமா?
காயவும் விடாதே.
எவனாவது எலுமிச்சம்பழம் என்றால்
அவனை பிளாக் பண்ணு.

இரண்டு நிமிடம்
கண்ணாடியில் பச்சை மூஞ்சியோடு ஒருவன்.
கழுவினேன்.

பரு போகவில்லை.
கவிதை என்பதற்காகப் பொய் வேண்டாம்:
தாடையில் ஏழு, நெற்றியில் மூன்று,
போட்டது போட்டபடி.
ஆனால் எரியவில்லை.
நீல ஜெல்லுக்குப் பிறகு வரும் அந்த இழுப்பு,
முகத்தைப் பின்னந்தலையில்
யாரோ முடிச்சுப் போட்டதுபோல் வருமே,
அது இல்லை.
வெகு நாளைக்கப்புறம் கன்னத்தில் கை வைத்தேன்,
எண்ணுவதற்காக இல்லாமல்.

காலையில் ஸ்வென்யா காப்பி அரைத்தாள்.
ஒரு வாய் குடித்து ஜன்னலைப் பார்த்தாள்.
இன்னொரு வாய்.
புது வறுவலா? என்றாள்.
ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது.
பொட்டலம் அழிக்கப்பட்டது, கட்டணம் இல்லை.
பொருள் விவரம் என்ற இடத்தில்
முத்திரைக்குக் கீழே, அச்செழுத்தில்,
அரசாங்கமே சொல்லியிருந்தது:
ஒரு கிழங்கு. ஒரு விதை.
ஒரு மஞ்சள் பூ.